திருவையாற்றிலிருந்து பறவைக் காட்டுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், அரியலூர், கல்லணைச் சாலைகள் கூடும் ஊர் திருவையாறு. இங்கே தங்கினால் இரண்டு பறவைச் சரணாலயங்களைப் பார்க்கலாம்.

• வடக்கே கொள்ளிடம் தாண்டி, திருமானூர் வழியாகக் கரைவெட்டி. 2024-இல் ராம்சர் (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) தகுதி பெற்ற ஏரி.

• தெற்கே தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் வடுவூர். 2022-இல் ராம்சர் தகுதி பெற்றது.

• நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பொழுது விடியும்போதே கரையில் இருங்கள். வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும்.

• கரைவெட்டியில் வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு நீந்துவது வரித்தலை வாத்து. இமயம் கடந்து வந்த விருந்தாளி.

• பைனாகுலர், தொப்பி, தண்ணீர் அவசியம். பளிச்சென்ற நிற உடை வேண்டாம்.

• திருவையாற்றில் ஐயாறப்பர் கோயில் நண்பகலில் நடை சாத்தப்படும், மாலையில் செல்லுங்கள். பாசிப்பருப்பு அசோகா அல்வாவை ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.

• ஊரில் தியாகராஜர் ஆராதனை இசைவிழா நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது அரிது, முன்பதிவு செய்யுங்கள்.

கரையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக்கூட விட்டுவராதீர்கள்.