ஆலையும் அயலாரும்

தில்லியில் உயர்கல்வி பயில விரும்பும் மாணவர் பலரும் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியின் பெயரைக் கேள்வியுற்றிருப்பர். அதனையும், 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லேடி ஸ்ரீராம் மகளிர் கல்லூரியையும் நிறுவியவர் சர் ஸ்ரீராம் என்னும் தொழிலதிபர். அவர் வளர்த்த நிறுவனம் டெல்லி கிளாத் மில்ஸ். 1889இல் துணியாலையாகத் தோன்றிய அந்நிறுவனம், காலப்போக்கில் சருக்கரை, உரம், வேதிப்பொருள் எனப் பல துறைகளிலும் கிளை பரப்பியது.

அதன் கிளைகளுள் ஒன்று மேற்குத் தில்லியில் 76 ஏக்கர் நிலத்தில் இயங்கிய ஸ்ரீராம் உணவு மற்றும் உரத் தொழிலகம். எரிசோடா, குளோரின், கந்தக அமிலம், வனஸ்பதி, சோப்பு முதலியவை அங்கு உற்பத்தியாயின. தில்லி மக்கள் பருகும் நீரைத் தூய்மைப்படுத்துவதற்குரிய குளோரினும் அங்கிருந்தே சென்றது. ஆலையைச் சுற்றிலும் பஞ்சாபி பாக், கரம்புரா, சாஸ்திரி நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகள் இருந்தன. மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

1985ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், ஓலியம் நிரம்பிய தொட்டியைத் தாங்கி நின்ற கட்டமைப்புச் சரிந்தது, தொட்டி உடைந்தது. ஓலியம் என்பது கந்தக அமிலத்தின் மிகச் செறிந்த வடிவம். அது காற்றின் ஈரத்தோடு கலந்ததும் வெண்புகையாகக் கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அப்புகை நகரின் பல பகுதிகளுக்குப் பரவியது. திஸ் ஹசாரி நீதிமன்றத்தில் பணியாற்றிய வழக்குரைஞர் ஒருவர் அதனால் உயிரிழந்தார் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, குழாய் இணைப்பு ஒன்றிலிருந்து மீண்டும் சிறிதளவு ஓலியம் கசிந்தது. போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சு வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்று அப்போது ஓராண்டே கடந்திருந்தது. தலைநகர மக்கள் எத்துணை அஞ்சியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாலையை மக்கள் நெருக்கமில்லாத இடத்திற்கு மாற்ற வேண்டும் என்று எம். சி. மேத்தா என்னும் வழக்குரைஞர் முன்னரே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்திருந்தார். கசிவுக்குப் பின் அவ்வழக்கு நாட்டின் கவனத்தை ஈர்த்தது. நீதிபதிகள் முன் நின்ற வினா எளியதன்று. ஆலையை மூடினால் ஏறத்தாழ 4,000 தொழிலாளர் வேலையிழப்பர். நகரின் குடிநீருக்கு வேண்டிய குளோரினைத் தொலைவிலிருந்து வரவழைக்க நேரும். திறந்தாலோ 2 இலட்சம் மக்களின் உயிருக்கு ஊறு நேரலாம். நஞ்சும் மருந்தும் ஒரே கலத்தில் இருந்தன.

1986 பிப்ரவரி 17ஆம் நாள், கடுமையான நிபந்தனைகளோடு ஆலை இயங்க நீதிமன்றம் இசைந்தது. ஒவ்வொரு பாதுகாப்புக் கருவிக்கும் தனியொரு பணியாளர் பொறுப்பாளராக நியமிக்கப்பட வேண்டும். அரசின் ஆய்வாளர் வாரந்தோறும் வந்து பார்வையிட வேண்டும். பாதுகாப்பைக் கண்காணிக்கும் குழுவில் தொழிலாளர் மூவர் இடம்பெற வேண்டும். ஆபத்து நேர்ந்தால் அயலாரை எச்சரிக்க ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட வேண்டும். குளோரின் உடலுக்கு விளைக்கும் தீங்கு யாது என்பதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஆலைக்குள் தொங்கவிடவும் ஆணையிடப்பட்டது. இது சிறிய நிபந்தனையாகத் தோன்றலாம். ஆயினும், எழுதப்பட்ட எச்சரிக்கை அதனைப் படிப்பவருக்குப் புரிந்த மொழியில் இல்லையேல் எழுதியதால் பயன் என்ன?

பாதிக்கப்பட்டோருக்கு நிறுவனம் எந்த அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அடுத்த வினா. ஐவர் அடங்கிய அரசியலமைப்பு அமர்வு அதனை ஆராய்ந்தது. அதுவரை நீதிமன்றங்கள் 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த ஒரு விதியைப் பின்பற்றி வந்தன. ஆலைக்காக ஒருவர் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வழிந்து அயலாரின் சுரங்கத்தை நிரப்பிய வழக்கு அது. தன் நிலத்தில் ஆபத்தான பொருளைச் சேர்த்து வைப்பவரே, அது வெளியேறினால் விளையும் இழப்பிற்குப் பொறுப்பு என்பது தீர்ப்பு. ஆனால் அதில் விலக்குகள் பல இருந்தன. இயற்கையின் செயல் என்றோ, வேறொருவர் செய்த பிழை என்றோ காட்டிவிட்டால் உரிமையாளர் தப்பிவிடலாம்.

1986 டிசம்பர் 20ஆம் நாள், தலைமை நீதிபதி பி. என். பகவதி தம் பதவிக்காலத்தின் இறுதி நாளில் அளித்த தீர்ப்பு அவ்வாயில்களை அடைத்தது. ஆபத்தான தொழிலை நடத்திப் பொருளீட்டும் நிறுவனம், அத்தொழிலால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இயன்ற எச்சரிக்கை அனைத்தையும் மேற்கொண்டோம் என்பது விடையாகாது. மேலும், நிறுவனம் பெரிதாக இருக்குமளவுக்கு அது தரவேண்டிய இழப்பீடும் பெரிதாக இருக்க வேண்டும். இதனை முழுமைப் பொறுப்பு என்பர். எனினும், இழப்பீட்டுத் தொகையை நீதிமன்றம் தானே வழங்கிவிடவில்லை. பாதிக்கப்பட்டோர் சார்பில் உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்குமாறு தில்லியின் சட்ட உதவி வாரியத்தைப் பணித்தது. கொள்கையளவில் வென்றவர்கள் பணத்திற்காக மற்றொரு படியேற வேண்டியிருந்தது.

இன்று பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றவுடன் பலரும் நினைப்பது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தையே. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஓர் எல்லையை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைக் கல்வி, நலவாழ்வு, சுற்றுச்சூழல் முதலிய பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது அச்சட்டம். சராசரி இலாபம் 100 கோடியாயின் 2 கோடி. அத்தொகையால் பள்ளிகள் எழுகின்றன, ஏரிகள் தூர்வாரப்படுகின்றன. நிறுவனத்தின் வழக்கமான தொழிற்செலவை இக்கணக்கில் சேர்க்க இயலாது. தன் புகைபோக்கிக்கு வடிகட்டி பொருத்துவதும், தன் கழிவுநீரைத் தூய்மையாக்குவதும் தொழிலின் கடமை, கொடை ஆகா. அந்த 2 விழுக்காடு, இலாபம் வந்த பின்னர் கணக்கிடப்படுவது. தொட்டியைத் தாங்கும் கட்டமைப்பு உறுதியாக உள்ளதா என்பதோ, இலாபம் வருமுன்னரே நாள்தோறும் பார்க்கப்பட வேண்டியது.

அருஞ்சொற்பொருள்
அயலார் – அக்கம்பக்கத்தில் வாழ்வோர்
ஊறு – தீங்கு
அமர்வு – வழக்கைக் கேட்கும் நீதிபதிகள் குழு
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு, சதவீதம்

வினாக்கள்
1. ஆலையை மூடுவதும் திறப்பதும் ஏன் கடினமான முடிவாக இருந்தது?
2. இங்கிலாந்து விதிக்கும் 1986ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. மூன்றாண்டுச் சராசரி இலாபம் 350 கோடி ரூபாயாயின், சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டிய தொகை எவ்வளவு?
4. உங்கள் வீட்டருகே உள்ள தொழிற்கூடம் ஒன்றில் எழுதப்பட்டுள்ள எச்சரிக்கைகளைப் பார்த்துத் தமிழில் எழுதுக.