‘கீச்’ சத்தமா, ‘கர்ர்’ சத்தமா? – வண்டி பெல்ட்டும் பேரிங்கும்

லீவு வரப்போகிறது. நம்மில் பாதிப் பேர் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து விழுப்புரம், திருச்சி, மதுரை என்று ஊருக்குக் கிளம்பிவிடுவோம். ரயிலில் போகிறவர்களுக்குக் கவலை இல்லை. சொந்தக்காரர் வேனிலோ காரிலோ போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

பானட்டைத் திறந்தால் இன்ஜினின் ஒரு பக்கத்தில் கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று நாலைந்து கப்பிகளைச் சுற்றி ஓடும். அதுதான் பெல்ட். டிரைவர்கள் ‘ஃபேன் பெல்ட்’ என்பார்கள். இன்ஜின் சுற்றுகிற சுற்றை வாங்கி ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர் என்று எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. அது அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் பம்ப் நின்றால் சில நிமிடத்தில் இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய்விடும். சில நூறு ரூபாய் சாமானுக்குப் பல ஆயிரம் செலவு! (சில கார்களில் தண்ணீர் பம்பை உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட் ஓட்டும். அது வேறு கதை.)

ஆனால் பெல்ட் பெரும்பாலும் சொல்லாமல் அறுவதில்லை. முதலில் கத்தும்.

ஏன் கத்துகிறது? சாக்பீஸை நிமிர்த்திப் பிடித்து போர்டில் எழுதினால் கீச்சென்று பல் கூசுகிறதே, அதே காரணம்தான். நிலை உராய்வு அதிகம், இயக்க உராய்வு குறைவு என்று படித்திருக்கிறோம். சாக்பீஸ் ஒரு கணம் ஒட்டும், பட்டென்று வழுக்கும், மறுபடி ஒட்டும். இது ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை நடந்தால் நம் காதுக்கு அது ‘கீச்’. வயலினில் வில் போட்டால் இனிமையாகக் கேட்பதும் இதே ஒட்டல் வழுக்கல்தான். தளர்ந்த பெல்ட்டும் கப்பிமேல் இப்படித்தான் வழுக்குகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் கத்துவதற்கும் காரணம் உண்டு. ஸ்டார்ட்டர் உறிஞ்சிய மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தர ஆல்டர்னேட்டர் அப்போது கனமாகச் சுற்றும். ஹெட்லைட், ஏ.சி. போட்டாலும் அப்படித்தான்.

பேரிங் சத்தம் வேறு. அதில் வழுக்கல் இல்லை, உருளல்தான். உள்வளையம், வெளிவளையம், நடுவில் எஃகு குண்டுகள், கொஞ்சம் கிரீஸ். கிரீஸ் காய்ந்தாலோ குண்டு ஓடும் தடத்தில் சொரசொரப்பு விழுந்தாலோ ‘கர்ர்ர்’ என்று அம்மியில் அரைக்கிற மாதிரி கேட்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறும்.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் போதும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, பெரியவர் ஒருவர் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் உள்பக்கம் துளி தெளிக்க வேண்டும். சத்தம் நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பெரும்பாலும் அர்த்தம். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்வு. ஒரு மாற்றமும் இல்லையா? பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

2023 மே மாதம் பாட்டியின் கண் ஆபரேஷனுக்காகச் சித்தப்பாவின் பழைய வேனில் மதுரைக்குப் போனோம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பெல்ட் கத்துகிறது என்று ஒரு கடையில் விட்டதற்கு, நல்லா இழுத்து டைட் வைத்துக் கொடுத்தார்கள். கீச் போயிற்று. மேல்மருவத்தூர் தாண்டினதும் கர்ர் வந்தது! திண்டிவனத்தில் சித்தப்பா ஒரு சின்ன மெக்கானிக் கடையில் நிறுத்தினார். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, கடை அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். “இன்னா சத்தம்னு அப்பறம் சொல்லலாம். எப்ப வருது, அத்த மொதல்ல சொல்லுங்க.”

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. டாக்டரும் அப்படித்தானே கேட்பார்?

அண்ணன் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் கூட்டின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்டார். பிறகு தண்ணீர் பம்ப், பிறகு மறுபடி ஆல்டர்னேட்டர். திடப்பொருளில் ஒலி காற்றைவிட நன்றாகக் கடத்தப்படும் என்ற பாடத்தை இவ்வளவு உபயோகமாக நான் பார்த்ததில்லை. ஓடாத கூட்டில்தான் முனையை வைக்க வேண்டும், சுற்றும் கப்பியில் பட்டால் ஆபத்து. அப்புறம் இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, கப்பியைக் கையால் சுற்றச் சொன்னார். தண்ணீர் பம்ப் வழவழவென்று சுற்றியது. ஆல்டர்னேட்டர் கையில் மணல் மாதிரி நெருடியது.

காரணம் அந்த அதிகப்படி இழுப்புதான் என்றார். பெல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பாரமும் பேரிங்மேல் பக்கவாட்டில் விழுகிறது. ஆல்டர்னேட்டர் வேறு இன்ஜினைவிட 2 முதல் 3 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தால் பெல்ட் நின்ற கப்பிமேல் தேய்ந்து கருகி அறுந்திருக்கும், தண்ணீர் பம்பும் நின்றிருக்கும், பாட்டியோடு நடுராத்திரி ரோட்டில் நின்றிருப்போம். ஒன்றரை மணி நேரத்தில் பேரிங் மாற்றி, பெல்ட்டைப் பூட்டி, இரண்டு கப்பிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். பழைய மாதிரி ‘வி’ பெல்ட் சுமார் அரை அங்குலம் அமுங்கினால் சரி. ஆட்டோமேட்டிக் டென்ஷனர் உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு கிடையாது. அங்கே தளர்வு என்றால் டென்ஷனரைத்தான் பார்க்க வேண்டும். பாட்டிக்கு ஆபரேஷன் குறித்த நேரத்தில் நடந்தது.

சோப்பு தடவுவது, எண்ணெய் விடுவது, பவுடர் போடுவது எல்லாம் வேண்டாம். எண்ணெய் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். சோப்பு சத்தத்தை மட்டும் மறைக்கும், நோய் அப்படியே இருக்கும். இப்போது வரும் ரப்பர் பெல்ட்டுகள் பழையவை போல் சீக்கிரம் வெடிப்பு விடுவதில்லை, டயர் மாதிரி பள்ளம் தேய்ந்துதான் கெடுகின்றன. அதனால் ‘வெடிப்பு இல்லை, பெல்ட் புதுசு’ என்று நம்பிவிடாதீர்கள்.

ஆர்வக்கோளாறில் கை விடும் நண்பர்களுக்கு: துப்பட்டா, தொளதொள சட்டைக் கை, முக்கியமாக நம் கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு, மூன்றும் ஓடும் பெல்ட் பக்கம் போகவே கூடாது. ரேடியேட்டரின் மின்விசிறி இன்ஜினை நிறுத்திய பிறகும் தானாகச் சுற்றலாம். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

நீண்ட பயணம் போவோருக்கு வழியில் கோளாறு என்பது வண்டி பிறந்த நாளிலேயே இருக்கிறது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கி.மீ. ஓட்டிப் போனார். அடைத்த பெட்ரோல் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தினார், பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைக்கச் சொன்னார். அந்த வண்டியிலும் பெல்ட் உண்டு, தோல் பெல்ட்!

சாமான் வாங்கப் போனால் நம்பர் தெரிந்திருக்க வேண்டும். பெல்ட்டின் முதுகில் 6 பி.கே. 1750 என்று இருந்தால் 6 வரி, 1750 மி.மீ. நீளம். பேரிங்கில் 6204 என்று இருந்தால் கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்குங்கள், உள்துளை 20 மி.மீ. (03 என்றால் 15 இல்லை, 17. ஏன் இப்படி என்று கேட்காதீர்கள்.)

நம் பகுதிக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்கணும். 2015 டிசம்பர் 1-2ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வண்டிகள் முழுகிக் கிடந்தன. முழுகின வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்போம். பேரிங்குக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் கிரீஸைக் கெடுத்து, துரு பிடிக்க வைத்து, சில வாரம் கழித்துத்தான் குரல் கொடுக்கும். சக்கரத்து பேரிங்கும் இதில் சேரும். அந்தச் சத்தம் இன்ஜின் வேகத்தோடு மாறாது, வண்டியின் வேகத்தோடு மாறும். ஓடும்போது இடது பக்கம் திரும்பினால் சத்தம் கூடுகிறதா, வலது சக்கரத்தைப் பாருங்கள். வலது பக்கம் திரும்பினால் கூடுகிறதா, இடதைப் பாருங்கள்.

– பதினோராம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு