இ.எம்.டி.ஆர். சிகிச்சை: யாருக்கு, எப்போது

இ.எம்.டி.ஆர். என்பது, நடந்து முடிந்த பிறகும் ஆளை விடாமல் துரத்தும் ஒரு நினைவின் வேகத்தைத் தணிக்கும் உளச்சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷப்பிரோ 1987இல் இதை உருவாக்கத் தொடங்கினார். முதல் ஆய்வுக் கட்டுரை 1989இல் வந்தது. விபத்து, வன்முறை, பேரிடர் போன்றவற்றுக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி. எனும் நிலைக்காகவே இது தொடங்கப்பட்டது. சான்றுகள் இன்றும் அங்கேதான் வலுவாக உள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2013இலும், இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018இலும் இதைப் பரிந்துரைத்தன. அமெரிக்க உளவியல் சங்கம் மட்டும் 2017இல் சற்றுத் தயங்கி, நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டது.

இந்தச் சிகிச்சை என்றதுமே பலருக்கு நினைவில் வருவது இடமும் வலமுமாக அசையும் சிகிச்சையாளரின் விரல்தான். ஆனால் மொத்தம் எட்டுக் கட்டங்களில் அது நான்காவதாகத்தான் வருகிறது. அதற்கு முன் வாழ்க்கை வரலாறு கேட்கப்படும். கலக்கம் மேலிட்டால் நிதானத்துக்குத் திரும்பும் பயிற்சி தரப்படும். எந்த நினைவை எடுப்பது என்று முடிவாகும். இவை ஓரிரு அமர்வுகளில் முடியலாம், சிலருக்கு மாதக்கணக்கிலும் நீளலாம். இந்தச் சிகிச்சை தனக்கு ஒத்துவருமா என்பது பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

லாரி மோதிப் பிழைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். எலும்பு கூடி வெகுநாள் ஆகியும், பின்னால் ஹாரன் கேட்டால் அவர் கை ஹேண்டில்பாரை இறுக்குகிறது. வண்டியை ஓரங்கட்டினால்தான் மூச்சு வருகிறது. விபத்தின் மிக மோசமான நொடி எது என்று சிகிச்சையாளர் கேட்கிறார். பக்கக் கண்ணாடியில் லாரியின் முகப்பு பெரிதாகிக்கொண்டே வந்த நொடி. அதைப் பார்க்கும்போது தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது? “செத்தேன்.” அதற்குப் பதிலாக எதை நம்ப விருப்பம்? “பிழைத்துவிட்டேன், இப்போது பத்திரமாக இருக்கிறேன்.” இந்த இரண்டாவது வாக்கியம் எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்பதற்கு 1 முதல் 7 வரை ஓர் எண், வேதனைக்கு 0 முதல் 10 வரை இன்னோர் எண். உடலில் எங்கே பிடிக்கிறது என்றும் கேட்கப்படும். பிறகு அந்தக் காட்சியை மனத்தில் வைத்தபடியே கண்கள் விரலைத் தொடர வேண்டும், ஏறத்தாழ அரை நிமிடம். நிறுத்தி மூச்சு விட்டதும், “இப்போது என்ன வருகிறது?” என்று கேள்வி. ஆஸ்பத்திரி நாற்றம் வரலாம், அப்பாவின் முகம் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். எது வந்தாலும் அதோடேயே அடுத்த சுற்று தொடங்கும். வேதனையின் எண் 0 அல்லது 1க்கு இறங்கும்வரை இது தொடர்கிறது. ஒரே அமர்வில் இறங்காவிட்டால் மிச்சம் அடுத்த அமர்வுக்கு. கண்ணசைவு ஒவ்வாதவர்களுக்குக் கைகளில் மாறிமாறித் தட்டுவதும், காதுகளில் மாறிமாறி ஒலி கேட்கவைப்பதும் உண்டு.

இது மனவசியம் அல்ல. வருபவர் முழு விழிப்போடு இருக்கிறார். கையைத் தூக்கினால் எந்த நொடியிலும் நிறுத்தலாம். நடந்ததை வரிவரியாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்கள் பலர் இதைத் தேர்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். மனக்காயத்தை மையமாகக் கொண்ட சி.பி.டி. என்ற இன்னொரு சிகிச்சையின் பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் அதில் நடந்ததை விரிவாகப் பேச வேண்டியிருக்கும், வீட்டுப்பாடமும் உண்டு. எழுதி, பேசி, யோசித்துத் தெளிவதில் நாட்டம் உள்ளவருக்கு அதுவே பொருந்தக்கூடும்.

கண்ணசைவு எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அது இல்லாமலும் இதே பலன் கிடைக்கிறது என்று 2001இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. 2013இல் வந்த மற்றொன்று அதற்கும் பங்குண்டு என்றது. மனம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது என்ற விளக்கம் இப்போதைக்கு ஓரளவு நம்பத்தக்கது. மூளையின் இரு பாதிகளையும் இணைத்துவிடுகிறது, ஒரே அமர்வில் எல்லாம் போய்விடும் என்றெல்லாம் விளம்பரம் செய்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, இன்றைய தொல்லைக்கு வேர் ஒரு நினைவுதானா என்பதை. கெட்ட கனவு, திடீரென்று அந்த இடத்துக்கே போய்விட்டது போன்ற உணர்வு, குறிப்பிட்ட தெருவையோ ஆளையோ தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது ஆகியவை இருந்தால் பொருத்தம் கூடுதல். கடன், வேலையின்மை, அன்றாடம் நடக்கும் குடும்பச் சண்டை இவைதான் வாட்டுகின்றன என்றால், பழைய நினைவைத் தணிப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. அடிக்கும் கணவனோடு அதே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு முதல் தேவை பாதுகாப்பான இடம். அவருடைய பயம் பழைய நினைவின் மிச்சமல்ல, சரியான எச்சரிக்கை.

அடுத்தது காலம். சம்பவம் நடந்த மறுவாரமே ஓட வேண்டியதில்லை. முதல் சில வாரங்களின் நடுக்கமும் தூக்கமின்மையும் பலருக்குத் தாமாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அறிகுறிகள் குறையாதபோதுதான் பி.டி.எஸ்.டி. என்ற பேச்சே வரும். நைஸ் நெறிமுறை, பெரியவர்களுக்குச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இதைத் தரலாம் என்கிறது. ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் என்றால், வருபவர் விரும்பினால் பரிசீலிக்கச் சொல்கிறது. போர்க்களத்தில் ஏற்பட்ட மனக்காயத்துக்கு அதே நெறிமுறை இதைப் பரிந்துரைக்கவில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஒரே ஒரு விபத்தோ தாக்குதலோ என்றால் வேலை சீக்கிரம் முடியக்கூடும். சிறுவயது முழுக்க நடந்த கொடுமை என்றால் கதை வேறு. ஒரு நினைவைத் தொட்டால் பத்து வரும். இடையில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே நினைவில்லாமல் போவது, உடலை விட்டு வெளியே நிற்பது போன்று தோன்றுவது எல்லாம் இவர்களிடம் அடிக்கடி காணப்படும். இதற்குச் சிகிச்சையே கூடாது என்று பொருளல்ல. நிதானப் பயிற்சி நீள வேண்டும், இத்தகையவர்களோடு வேலை செய்த சிகிச்சையாளர் வேண்டும். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும்போதும், மனச்சிதைவு அறிகுறிகள் மேலோங்கி நிற்கும்போதும், கட்டுக்கடங்காத குடி இருக்கும்போதும் முதலில் அவற்றைத்தான் கவனிக்க வேண்டும். வலிப்பு, கண் நோய், கர்ப்பம், தூக்க மாத்திரை எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பலர் யோசிக்காத ஒன்று வழக்கு. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவேண்டியவர் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. சிகிச்சைக்குப் பின் காட்சியின் துல்லியமும், சொல்லும்போது வரும் உணர்ச்சியும் குறையலாம். அதேபோல், தனக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும், என்னவென்று நினைவில்லை, இதில் தெரிந்துவிடும் என்று வருவதும் தவறான வழி. மறந்ததைத் தோண்டியெடுக்கும் கருவி அல்ல இது. அப்படித் தேடும்போது நடக்காதது நடந்ததாகத் தோன்றும் ஆபத்தும் இருக்கிறது.

சிகிச்சையாளரைத் தேர்வதுதான் இதில் கடினமான பகுதி. இந்தியாவில் மனநல மருத்துவராகவோ, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளராகவோ இருப்பவரிடம் தொடங்குவது பாதுகாப்பு. அதற்கு மேல், இ.எம்.டி.ஆர். பயிற்சியை எங்கே பெற்றார், அனுபவசாலியின் மேற்பார்வையில் செய்தாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. “நடுவில் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், நல்ல சிகிச்சையாளர் உடனே தெளிவாக விளக்குவார். வந்த முதல் நாளே வரலாறும் கேட்காமல் விரலை ஆட்டத் தொடங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். செயலியையோ காணொளியையோ வைத்துத் தானே செய்துகொள்வதும் வேண்டாம்: கலக்கம் கிளம்பினால் தணிக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம் போகும். பிறகு களைப்பு, சட்டென்று அழுகை, இரண்டொரு நாள் விசித்திரமான கனவுகள் என வருவது சகஜம். முடித்த கையோடு தானே வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்புவது உசிதமல்ல. அன்று மாலை அலுவலகக் கூட்டம், விசேஷ வீடு என்று வைத்துக்கொள்ளாதிருப்பதும் நல்லது. இடையில் எழும் கனவையும் நினைவையும் நோட்டில் இரண்டு வரி குறித்து வைத்தால் அடுத்த அமர்வில் கைகொடுக்கும். வீட்டில் ஒருவருக்கேனும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் சிகிச்சையாளரையோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ அழைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் நேரே மருத்துவமனைக்கு.

நைஸ் நெறிமுறை பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் என்கிறது. பல மனக்காயங்கள் உள்ளவர்களுக்கு இன்னும் கூடலாம். நினைவைத் தணிக்கும் கட்டம் தொடங்கிச் சில அமர்வுகள் ஆகியும் வேதனையின் எண் அசையவில்லை, ஹாரன் கேட்டால் கை இன்னமும் இறுகுகிறது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எடுத்துக்கொண்ட நினைவு தவறாக இருக்கலாம். அதற்கு அடியில் பழையதொன்று இருக்கலாம். முறையே அவருக்கு ஒத்துவராமலும் போயிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் காரணம் என்றால் சி.பி.டி.க்கு மாறலாம். மருந்து சேர்ப்பது பற்றி மனநல மருத்துவரிடம் பேசலாம்.