மூன்றாம் முறை வருகிறவர்

அன்புள்ள தம்பிக்கு,

சத்தியமங்கலத்தில் மெடிக்கல் ஷாப்பில் சேர்ந்திருப்பதாக உன் அப்பா சொன்னார். மகிழ்ச்சி. வலி மாத்திரை விற்பதைப் பற்றி மட்டும் இதில் எழுதுகிறேன். மற்றதை நீயே பழகிக்கொள்வாய்.

இருட்டோடு மல்லிகை பறிக்கப் போகிற பெண்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், வாழைத்தார் சுமக்கிறவர்கள் எல்லாரும் உன்னிடம் வருவார்கள். "கண்ணு, மேலெல்லாம் நோவுது, ஒரு வேளைக்கு மாத்திரை குடு" என்பார்கள். கையில் சீட்டு இருக்காது. டைக்ளோஃபினாக் அட்டவணை 'எச்' மருந்து, சீட்டில்லாமல் தரக்கூடாது என்று நீ படித்திருக்கிறாய். ஊர் நடப்பு வேறு என்பதும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். பிரிட்டனில் 1983 முதல் ஐபுபுரூஃபனைச் சீட்டில்லாமல் வாங்கலாம். அப்படி வாங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம்தான் உச்சம், அது டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். நாமோ அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்து நீட்டுகிறோம். அதில் பெயரும் இருக்காது, அளவும் இருக்காது. ஒரு சின்னக் கவரில் போட்டு, மருந்தின் பெயரை எழுதிக் கொடு. அதற்கு முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வருகிற எல்லாரையும் பயமுறுத்து என்று சொல்லவில்லை. ஐபுபுரூஃபனைக் கண்டுபிடித்த ஸ்டூவர்ட் ஆடம்ஸே மாஸ்கோவில் ஒரு கூட்டத்துக்கு முந்தைய இரவு மிஞ்சிக் குடித்துவிட்டு, காலையில் 600 மில்லிகிராம் போட்டுக்கொண்டு பேசப் போனவர்தான். உடம்பு நன்றாக இருக்கிறவர் என்றைக்கோ ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்வதில் பெரிய ஆபத்து இல்லை. நீ முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது அதே வலிக்கு மூன்றாம் முறை வருகிறவரை. அவர் உன்னைப் பார்த்துச் சிரிப்பார், மாத்திரையின் நிறத்தைச் சொல்லியே கேட்பார், சில்லறையைச் சரியாக எடுத்து வைத்திருப்பார். நல்ல வாடிக்கையாளர் என்று முதலாளிக்குத் தோன்றும்.

அவர் உடம்பில் நடப்பது இதுதான். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினை இந்த மருந்துகள் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் இரைப்பையின் உள்தோலைக் காப்பதும், உடம்பில் தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் கரும்பு வெட்டிய ஆள் மாலையில் டைக்ளோஃபினாக் போட்டால் அந்தக் காவலும் போய்விடுகிறது. கூடவே கேஸ் மாத்திரை போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது வயிற்றைத்தான் காக்கும், சிறுநீரகத்தைத் தொடாது. வயிற்றுப் புண்ணும் வலித்துக்கொண்டே வரும் என்று நம்பாதே. வலி மாத்திரை அந்த வலியையும் மறைத்துவிடும். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்று கூச்சப்படாமல் கேள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் விசாரி.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். தினமும் போடுகிற பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. அதிலும் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு பலருக்கு அவை வீட்டுக்கே வந்துவிடுகின்றன. உன் கடையில் வாங்காததால் உனக்கும் தெரிய வழியில்லை. "காலையில எந்திரிச்சதும் என்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டுப் பார், சொல்வார்கள். இல்லாவிட்டால் காலி அட்டையை எடுத்து வரச் சொல். எனாலாபிரில் அல்லது டெல்மிசார்ட்டானோடு நீர் மாத்திரையும் போடுகிறவருக்கு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல். இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறவருக்கு ஐபுபுரூஃபன் கொடுத்தால், அது ஆஸ்பிரினை ரத்தத் தட்டணுவிடம் நெருங்கவிடாமல் செய்துவிடக்கூடும். ஆஸ்துமா உண்டா, கர்ப்பமா என்பதை எப்போதும் கேள்.

இன்னொன்று. ஜீரோடால்-பி வேறு, காம்பிஃப்ளாம் வேறு என்று நினைத்து இரண்டையும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஒன்றில் அசெக்ளோஃபினாக், மற்றதில் ஐபுபுரூஃபன்; இரண்டும் ஒரே வகை, போதாததற்கு இரண்டிலும் பாரசிட்டமால். கடையிலேயே பல மாத்திரைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் 'செட்' மாத்திரையில் ஒரு பொடி வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கும். வலி மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு இன்னும் கூடும். இந்த ஒன்றில் மட்டும் முதலாளியிடம் வளைந்து கொடுக்காதே.

ஐப்பசி மழையில் காய்ச்சலோடு உடம்பு வலி என்று வந்தால், டெங்கு இல்லை என்று தெரிகிறவரை பாரசிட்டமால் மட்டும். முழங்கால் வலிக்கிற பாட்டிகளுக்கு முதலில் டைக்ளோஃபினாக் ஜெல்லை எடுத்துக் கொடு. தோல் வழியாக ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். மாத்திரையை விட அதில் லாபம் கூட வரும், முதலாளியும் முணுமுணுக்க மாட்டார்.

மூன்றாம் முறை வந்தவரிடம் "இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பக்கத்துக் கடைக்குப் போவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு துண்டுச் சீட்டில் "பிரஷர், கிரியாட்டினின் பார்க்கவும்" என்று எழுதிக் கொடு. கூலி போகும் என்பார். மழை பெய்து வேலை நின்ற நாளில் போகச் சொல்.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய கூட்டாளி

பி.கு.: மாட்டுக்கு என்று டைக்ளோஃபினாக் ஊசி கேட்டு வருவார்கள். கொடுக்காதே. மாட்டுக்கு அதைப் போடுவது 2006-லேயே தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015-இல் அவற்றையும் நிறுத்தி, ஒரு வேளைக்கான 3 மில்லி மட்டும் என்றாக்கினார்கள். அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுத்தான் செத்தன. மிச்சமிருப்பவற்றில் சில உன் ஊருக்கு மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டுகின்றன. மாட்டுக்கு மெலாக்சிகாம் இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் போகச் சொல்.