கல்லும் தேயும், கிளட்ச்சும் தேயும்

நுழையும்முன்

பணி மாறுதலால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் பல. புதிய கார் வாங்க இயலாதவர்கள், சென்ற இடத்தில் பழைய கார் ஒன்றை வாங்குகின்றனர். வாங்கிய சில மாதங்களிலேயே, "கிளட்ச் போய்விட்டது, மாற்றியாக வேண்டும்" என்று பட்டறையில் சொல்லக் கேட்டுத் திகைப்பவர்களும் உண்டு. மாத வரவு செலவையே தடுமாறச் செய்யும் அச்செலவு எதனால் வருகிறது? அதனைத் தள்ளிப்போட வழி உண்டா? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

இணைத்தலும் பிரித்தலும்

கார் நின்றுகொண்டிருக்கும்போதும் அதன் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சுழல்கிறது. சக்கரங்களோ அசைவதில்லை. சுழலும் எஞ்சினை அசையாத சக்கரங்களோடு சட்டென்று பிணைத்தால், வண்டி ஒருமுறை குலுங்கி எஞ்சின் அணைந்துவிடும். ஆகவே, அவ்விரண்டையும் மெல்ல இணைப்பதற்கும், கியர் மாற்றும்போது பிரிப்பதற்கும் இடையில் ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. அதுவே கிளட்ச் ஆகும்.

கிளட்ச்சின் முதன்மையான உறுப்புகள் மூன்று. இருபுறமும் உராய்வுப் பட்டை ஒட்டப்பெற்ற வட்டமான கிளட்ச் பிளேட்டு ஒன்று. அதனை எஞ்சினின் ஃபிளைவீல் என்னும் கனமான சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டு மற்றொன்று. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது அப்பிடியைத் தளர்த்த உதவும் ரிலீஸ் பேரிங் மூன்றாவது.

பிடி முழுமையாக இறுகியிருக்கும்போது கிளட்ச் பிளேட்டும் ஃபிளைவீலும் ஒன்றாகவே சுழல்கின்றன. அங்கே உரசல் இல்லை. ஆதலால் தேய்மானமும் இல்லை. பிடி முற்றிலும் விலகியிருக்கும்போதும் பட்டை தேய்வதில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில், ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழலும்போதுதான் பிளேட்டு நழுவி உரசுகிறது. உரசலால் வெப்பம் பிறக்கிறது. பட்டை சிறிது சிறிதாகத் தேய்கிறது. இந்நிலையை ஓட்டுநர்கள் 'அரை கிளட்ச்' என்பர்.

எனவே, கிளட்ச்சின் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்வது வண்டி ஓடிய தொலைவு அன்று. பிளேட்டு நழுவிய நேரமே ஆகும்.

நழுவும் நேரம்

சமதரையில் புறப்படும் கார் ஒன்றில் நழுவல் இரண்டு நொடிகளில் முடிகிறது எனக் கொள்வோம். அதே கார், நெரிசல் மிகுந்த மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிற்கிறது. ஓட்டுநர் கைப்பிரேக்கைப் பயன்படுத்தாமல், வண்டி பின்னோக்கி உருளாதவாறு அரை கிளட்ச்சிலேயே 30 நொடிகள் நிறுத்திப் பிடிக்கிறார். அந்த ஒரே நிறுத்தத்தில், 15 புறப்பாடுகளுக்குரிய நேரம் பிளேட்டு நழுவிவிடுகிறது. இடையில் ஆறுவதற்கு வாய்ப்பில்லாமையால் வெப்பமும் மிகுகிறது.

நெடுஞ்சாலையில் ஓடும் கார், உயர் கியரில் நெடுநேரம் மிதியைத் தொடாமலேயே செல்லும். பெருநகரத்தில் ஓடும் காரோ ஒரு கிலோமீட்டருக்குள் பலமுறை நின்று புறப்படும். இதனால்தான் ஒரு காரின் கிளட்ச் 1,00,000 கிலோமீட்டரைக் கடந்தும் உழைக்க, அதே வகையைச் சேர்ந்த மற்றொன்றின் கிளட்ச் அதில் பாதித் தொலைவைக்கூட எட்டாமல் போகிறது.

பெட்ரோலும் டீசலும்

டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த திருப்புவிசையைத் தரவல்லது. மாருதி சுசூகி நிறுவனம் 2020 ஏப்ரலில் டீசல் கார் விற்பனையை நிறுத்துவதற்கு முன்னர், ஸ்விஃப்ட் கார் இருவகை எஞ்சின்களிலும் கிடைத்தது. அதன் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நிமிடத்திற்கு 4,000 சுற்றுகளை ஒட்டி ஏறத்தாழ 115 நியூட்டன் மீட்டர் விசையைத் தந்தது. 1.3 லிட்டர் டீசல் எஞ்சினோ 2,000 சுற்றுகளிலேயே 190 நியூட்டன் மீட்டரைத் தந்தது. இத்தகைய விசையை நழுவாமல் தாங்குவதற்கு, டீசல் காரின் கிளட்ச்சுக்கு வலிமையான பிடி தேவைப்படுகிறது. உறுப்புகளின் விலையும் அதற்கேற்ப உயர்கிறது.

மேலும், டீசல் எஞ்சினின் துடிப்பு வலியது. அத்துடிப்பு கியர்பெட்டியைத் தாக்காதிருக்க, டீசல் கார்கள் பலவற்றில் டூயல் மாஸ் ஃபிளைவீல் பொருத்தப்படுகிறது. இஃது உள்ளே சுருள்வில்கள் கொண்ட இரட்டைச் சக்கரமாகும். அதுவும் பழுதானால் கிளட்ச்சைவிடப் பன்மடங்கு செலவு வைக்கும்.

ஆயின், டீசல் காரின் கிளட்ச் எப்போதும் விரைவில் தேயும் என்று கூறுதல் பொருந்தாது. நெரிசலில் மிகக் குறைந்த வேகத்தில் ஊரும்போது, எஞ்சின் அணைந்துவிடுமோ என்று அஞ்சி அரை கிளட்ச்சில் ஓட்டினால் டீசல் கார் கெடும். புறப்படும்போது எஞ்சினைத் தேவைக்கு மேல் முடுக்கி, மிதியை மிக மெதுவாக விட்டால் பெட்ரோல் கார் கெடும்.

ஒரு கணக்கு

விலை ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி வேறுபடும். கணக்கிற்காகப் பின்வருமாறு கொள்வோம். பெட்ரோல் கார் ஒன்றின் கிளட்ச் தொகுப்பு ரூ. 5,000, கூலி ரூ. 2,500, ஆக ரூ. 7,500. டீசல் கார் ஒன்றின் தொகுப்பு ரூ. 9,000, கூலி ரூ. 3,500, ஆக ரூ. 12,500.

இரண்டு கிளட்ச்சுகளும் 1,00,000 கிலோமீட்டர் உழைத்தால், கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காரில் 7.5 காசும் டீசல் காரில் 12.5 காசும் செலவாகும். அரை கிளட்ச் பழக்கத்தால் பெட்ரோல் காரின் கிளட்ச் 25,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்தால், அச்செலவு 30 காசாகும். நன்கு ஓட்டப்பட்ட டீசல் காரைவிட, பழக்கம் கெட்ட பெட்ரோல் கார் மிகுதியாகச் செலவு வைப்பதை இக்கணக்கு காட்டுகிறது. எரிபொருள் தரும் வேறுபாட்டைவிட ஓட்டுநரின் இடப்பாதம் தரும் வேறுபாடு பெரிது.

கூலியையும் கருத வேண்டும். கிளட்ச்சை மாற்றுவதற்குக் கியர்பெட்டியைக் கழற்றி இறக்க வேண்டும். செலவைக் குறைக்க எண்ணிப் பிளேட்டை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் பேரிங் பழுதாகும்போது மீண்டும் கியர்பெட்டியை இறக்கி, மீண்டும் முழுக் கூலி தர நேரும். பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றுமாறு மெக்கானிக்குகள் கூறுவது பெரும்பாலும் இதனால்தான்.

அறிகுறிகள்

எஞ்சினின் ஒலி உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராவிட்டால் பிளேட்டு நழுவுகிறது என அறியலாம். ஏற்றத்தில் கருகிய நாற்றம் வருவதும், மிதி ஏறக்குறைய முழுவதும் மேலே வந்த பின்னரே வண்டி நகர்வதும் தேய்மானத்தைக் காட்டக்கூடும். மிதியை அழுத்தும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால் பேரிங்கை ஐயுறலாம். கியர் விழ மறுப்பதற்கு மட்டும் பிளேட்டின் தேய்மானத்தைக் காரணமாகக் கொள்ளலாகாது. கிளட்ச் கேபிள் நீண்டிருக்கலாம், அல்லது எண்ணெயழுத்த அமைப்பில் கசிவு இருக்கலாம். அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் குறைவே. எனவே, மாற்ற ஒப்புக்கொள்வதற்கு முன் காரணத்தைக் கேட்டறிதல் வேண்டும். உறுப்புகளின் விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதி வாங்குதலும், கழற்றிய பழைய பிளேட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தலும் நன்று.

நழுவும் கிளட்ச்சோடு நாள்களைக் கடத்துதல் தீது. பட்டை முற்றிலும் தேய்ந்தால், அதன் அடியிலுள்ள தரையாணிகள் ஃபிளைவீலைக் கீறிவிடும். மலைச்சாலை ஏற்றத்தில் வண்டி நகர மறுத்தால் உயிருக்கே இடர் நேரலாம்.

நற்பழக்கங்கள்

கியர் மாற்றியபின் மிதியிலிருந்து பாதத்தை முழுவதும் எடுத்துவிட வேண்டும். சிக்னலில் நெடுநேரம் நிற்கும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்றத்தில் வண்டியைக் கைப்பிரேக்கே தாங்க வேண்டும். புறப்படும்போது முதல் கியரையே பயன்படுத்த வேண்டும். இவற்றுக்குக் காசு தேவையில்லை. கவனம் ஒன்றே போதும்.

சொற்பொருள்

உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
தேய்மானம் – தேய்வதால் உண்டாகும் குறைவு
திருப்புவிசை – ஒன்றைச் சுழலச் செய்யும் விசை
இடர் – துன்பம்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்

மொழியை ஆள்வோம்

'தேய்' என்னும் வேர்ச்சொல்லிலிருந்து தேய்வு, தேய்மானம், தேய்பிறை முதலிய சொற்கள் பிறக்கின்றன. 'வண்டி தேய்ந்தது' என்பதில் தானாக நிகழ்வதும், 'ஓட்டுநர் தேய்த்தார்' என்பதில் ஒருவர் செய்வதும் புலப்படுகின்றன. முன்னது தன்வினை, பின்னது பிறவினை.

பயிற்சி

1. பிளேட்டு எந்நிலையில் தேய்கிறது? எந்நிலைகளில் தேய்வதில்லை?
2. பாடத்தில் கொண்ட விலைப்படி, டீசல் காரின் கிளட்ச் 25,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்தால் கிலோமீட்டருக்கு எத்தனை காசு செலவாகும்?
3. பிளேட்டை மட்டும் மாற்றுவது சிக்கனமா? காரணத்துடன் எழுதுக.
4. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்னும் பழமொழி நன்முயற்சிக்கும் தீய பழக்கத்திற்கும் எவ்வாறு பொருந்தும்? ஐந்து வரிகளில் எழுதுக.
5. சுழல், நழுவு, திரும்பு ஆகிய தன்வினைகளுக்குரிய பிறவினைகளை எழுதுக.
6. வீட்டில் கார், ஆட்டோ அல்லது பேருந்து ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் கிளட்ச் பற்றிக் கேட்டறிந்து, அவர் கூறியவற்றை அவருடைய சொற்களிலேயே எழுதி வருக.