ஏற்ற இறக்கமும் நெஞ்சுரமும்

நொய்யலாற்றின் கரையில் அமைந்த திருப்பூர், பனியன் தொழிலாற் பெயர் பெற்ற நகரம். அங்குத் தைக்கப்படும் ஆடைகள் அமெரிக்காவிற்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் கப்பலேறுகின்றன. நூலும் ஊசியும் கொண்டு செய்யும் இத்தொழிலில் அஞ்சுதற்கு யாது உளது எனச் சிலர் வினவலாம். அச்சத்திற்கு இடமாவது இடைக்காலமே. ஏற்றுமதியாளர் இன்று விலை பேசுகின்றார். நூல் வாங்கித் துணி பின்னிச் சாயமேற்றித் தைத்தனுப்பிப் பணம் பெறுவதற்குள் மாதங்கள் பல கழிகின்றன. அதற்குள் நூல் விலை ஏறலாம். டாலருக்குக் கிடைக்கும் ரூபாய் குறையலாம். இவ்விரண்டும் அவர் கையில் இல்லை.

2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 44 ரூபாய் கிடைத்தது. ஆண்டின் இறுதியில் 39 ரூபாய் அளவே கிடைத்தது. பழைய விலையிலேயே ஓர் இலட்சம் டாலர்ச் சரக்கை அனுப்பியவர்க்கு 44 இலட்சம் ரூபாய் வரவேண்டிய இடத்தில் 39 இலட்சமே வந்திருக்கும். நூற்றுக்கு எட்டு ஊதியம் கருதியவராயின், அவ்வூதியம் முழுதும் போய் முதலிலும் குறை விழும்.

இதற்கு நல்லதொரு காப்பு உண்டு. பின்னர் வரவிருக்கும் டாலரை இன்ன விலைக்குத் தருவதாக வங்கியுடன் முன்னரே உறுதி செய்துகொள்ளலாம். இது முன்பேர ஒப்பந்தம் எனப்படும். விலை இறங்கினால் நட்டமில்லை. ஏறினால் மிகை வரவும் இல்லை. அமைதியாக உறங்கலாம்.

ஆயினும் அச்சம் கொண்ட உள்ளத்தை ஆசை எளிதில் ஈர்த்துவிடுகின்றது. இழந்ததை மீட்கும் வேட்கையால் ஏற்றுமதியாளர் சிலர் வேறுவகை ஒப்பந்தங்களில் இறங்கினர். அவை சுவிஸ் பிராங்க், ஜப்பானிய யென் முதலிய நாணயங்களின் விலையைச் சார்ந்தவை. சட்டை விற்று டாலர் பெறுபவர்க்கும் சுவிஸ் பிராங்கிற்கும் என்ன உறவு? 2008 இல் நாணய விலைகள் பெரிதும் தடுமாறின, பலர் பெருநட்டம் அடைந்தனர், வழக்குகள் எழுந்தன. எந்த ரூபாயின் ஏற்றத்தைக் கண்டு அஞ்சினரோ, அந்த ரூபாயும் அவ்வாண்டின் இறுதியில் ஒரு டாலருக்கு 50 என்னும் எல்லையைக் கடந்து வீழ்ந்தது. இத்தகைய ஒப்பந்தங்களுக்குரிய விதிகளை மீறியமைக்காக 2011 இல் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்குத் தண்டம் விதித்தது. ஊக்கம் என்னும் சொல்லில் ஓர் ஒற்றெழுத்தை நீக்கினால் ஊகம் ஆகிவிடும். வணிகத்திலும் இவ்விரண்டிற்கும் இடைவெளி அவ்வளவே.

விலை அலையில் நிலைகுலையாத உரம் பிறவியிலே வருவது என்பர். அது பெரும்பாலும் பழக்கத்தால் வருவதே. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், நூல் கிலோவிற்கு 20 ரூபாய் ஏறினால் எவ்வளவு போகும், 40 ரூபாய் ஏறினால் எவ்வளவு போகும் என்று எழுதிப் பார்ப்பவர்க்கு வரக்கூடிய நட்டம் உருவமற்ற பூதமாகத் தோன்றாது. ஓர் எண்ணாகத் தோன்றும். அந்த எண்ணைத் தாங்க இயலாதெனில் அவர் ஒப்பந்தத்தின் அளவைச் சுருக்குவார். தொழிலாளர் கூலியையும் வீட்டுச் செலவையும் தொடாமல் இழக்கக்கூடிய தொகையையே துணிவிற்கு எல்லையாக வைப்பார். சிறு தொகையில் சிலமுறை இழந்து பழகிய மனம் பெரிய இறக்கத்தில் பதறாது. மேலும், விலை கொந்தளிக்கும் நாளில் புதிய முடிவு எதனையும் அவர் எடுப்பதில்லை; அமைதியான நாளில் எழுதி வைத்த முடிவையே நிறைவேற்றுவார். இவற்றுள் கடினமானது இதுவே.

2021 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டிப் பஞ்சு 50,000 ரூபாய்க்கும் குறைவாக விற்றது. 2022 மே மாதத்தில் அது ஓர் இலட்சம் ரூபாயைக் கடந்தது. நூல் விலையைக் குறைக்க வேண்டித் திருப்பூரில் இரு நாள் தொழிற்கூடங்கள் மூடப்பட்டன. அப்பொழுது, இனியும் ஏறும் என்றஞ்சிக் கிடங்கு நிறைய நூல் வாங்கி அடுக்கத் தூண்டுவது இயல்பு. ஆனால் அவ்வாண்டு முடியுமுன் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி வடிந்துவிட்டது. கையிலுள்ள ஆர்டருக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கியவர், அந்த மே மாதத்தில் நட்டமே அடைந்திருப்பினும், விலை இறங்கியபோது விற்க இயலாத பழைய நூலைக் கிடங்கில் வைத்துக்கொண்டு வருந்த வேண்டிய நிலையில் இல்லை.