உப்புக்காற்றில் ஒரு போன்: ரூட்டா, அப்டேட்டா?

உப்பளங்கள் உள்ள மரக்காணம் பக்கம் போனை வைத்து வரவு செலவு பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். செட்டு வாங்கி மூன்று வருஷம் ஆகியிருக்கும். எதைத் தொட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்டேட் வந்திருப்பதாக மேலே ஓர் அறிவிப்பு நிற்கும். தெரிந்த தம்பி ஒருவர், "அண்ணே, அப்டேட் போட்டா இன்னும் ஸ்லோ ஆயிடும். ரூட் பண்ணி வேற சாஃப்ட்வேர் ஏத்தித் தர்றேன், பறக்கும்" என்பார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த போனில் உங்கள் வங்கிக் கணக்கு இருக்கிறதா? ரூட் வேண்டாம். கம்பெனி இன்னும் அப்டேட் அனுப்புகிறதா? போடுங்கள். இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்பது பதிலாக இருந்தால் மட்டும் தம்பியிடம் உட்கார்ந்து பேசலாம்.

ஐபோனில் ஜெயில்பிரேக் என்பதும் ஆண்ட்ராய்டில் ரூட் என்பதும் ஏறக்குறைய ஒரே வேலைதான். தயாரித்த கம்பெனி பூட்டி வைத்திருக்கும் உள்ளறைக்குள் நாமே புகுந்து மாற்றங்கள் செய்வது. 2007-இல் முதல் ஐபோன் வந்த சில வாரங்களிலேயே இது தொடங்கிவிட்டது. 2010-இல் அமெரிக்காவின் பதிப்புரிமை விதிகளில் இதற்கு விலக்கும் கிடைத்தது. அந்த உரிமையை நான் மதிக்கிறேன். தமிழருக்கு அதில் நேரடியான நன்மையும் இருந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 2 வரிசை போன்கள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினியில் ஓர் அமைப்பை மாற்றி இணையப் பக்கங்களைப் படித்தோம். மற்ற இடங்களிலும் தமிழ் தெரிய வேண்டும் என்றவர்கள் ரூட் செய்து எழுத்துருவை உள்ளே வைத்தார்கள். அன்றைக்கு அது நியாயமான தேவை. இன்று தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இருக்கின்றன. அழைப்பைப் பதிவு செய்வது, திரையைப் பதிவு செய்வது போன்று ரூட் செய்து பெற்ற பல வசதிகளும் கம்பெனி மென்பொருளிலேயே வந்துவிட்டன.

இழப்பது என்ன என்று பாருங்கள். 2021 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மின்னணுப் பணப் பாதுகாப்பு விதிகளில், ரூட் அல்லது ஜெயில்பிரேக் ஆன போனைச் செயலியே கண்டுபிடித்து இயங்க மறுக்கும்படி செய்யும் சாத்தியத்தை வங்கிகள் ஆராயலாம் என்று இருக்கிறது. வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் பெருமளவில் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ரூட் செய்யாமல் பூட்லோடர் என்ற தொடக்கப் பூட்டை மட்டும் திறந்து வைத்திருந்தாலும் சில செயலிகள் கண்டுகொள்ளும். அதை மறைக்க வழிகள் உண்டு. இன்று வேலை செய்யும் வழி அடுத்த மாதம் நின்றுபோகும். கூலி கணக்கில் ஏறியதா, ஐப்பசி கார்த்திகையில் உப்புப் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும்போது அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் வந்ததா என்று போனில் பார்க்கிற குடும்பம், பணம் தேவைப்படுகிற அன்று திரையில் "இந்தச் சாதனத்தில் இயங்காது" என்று படிக்க நேர்வது சின்ன விஷயம் இல்லை.

இந்தக் கரைக்கே உரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. சாஃப்ட்வேர் ஏற்றும் வேலை பெரும்பாலும் கேபிள் வழியாகத்தான் நடக்கும். உப்பளத்து வேலைக்குப் போகிறவரின் போனில் சார்ஜ் பின்னைப் பாருங்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து பச்சை பூத்திருக்கும். சார்ஜ் ஏற்றும்போதே கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறும். அப்படிப்பட்ட பின்னில் மாட்டிப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் போன் எழுந்திருக்காமலே போகலாம். கணினியில் மின்சாரம் போனாலும் அதே கதிதான். கம்பெனி அப்டேட் காற்றில் இறங்குகிறது. முழுதாக இறங்கிச் சரிபார்த்த பிறகே செயலுக்கு வருகிறது. அண்மைக் கால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பழைய மென்பொருளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு புதியதை இன்னொரு பக்கத்தில் எழுதும் ஏற்பாடு இருக்கிறது. இடையில் கோளாறு வந்தால் பழையதிலேயே எழும்.

பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள படங்கள், கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதைப் பலர் முன்கூட்டிச் சொல்வதில்லை. சாம்சங்கில் அங்கீகாரமில்லாத மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் உள் அடையாளம் நிரந்தரமாக மாறிவிடும். பிறகு பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் செக்யூர் ஃபோல்டர் திரும்பாது.

அப்டேட்டைப் பற்றிய பயத்தையும் நான் ஒதுக்கவில்லை. பழைய பேட்டரி உள்ள சில ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருளே குறைத்தது என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு இத்தாலி ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் இதே போன்ற புகாரில் அபராதம் விதித்தது. ஒரு பெரிய அப்டேட் ஒன்றிரண்டு ஜிபி இருக்கும். தினசரி ஒன்றரை ஜிபி டேட்டா போடுகிறவரின் ஒரு நாளை அது விழுங்கிவிடும். போட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்புவதும் லேசில் நடக்காது. ஆகவே ஆண்ட்ராய்டு பதிப்பையே மாற்றும் பெரிய அப்டேட்டுக்கு இரண்டு மூன்று வாரம் பொறுத்து, அதே மாடல் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் போடலாம். பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். அது அளவில் சிறியது, திருடனுக்குத் தெரிந்துவிட்ட ஓட்டையை அடைப்பது. போன் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் நிரம்பி வழியும் சேமிப்பும் களைத்த பேட்டரியும்தான். வாட்ஸாப்பில் சேர்ந்த வீடியோக்களை நீக்கிப் பாருங்கள், தேவைப்பட்டால் பேட்டரியை மாற்றுங்கள். ரூட் செய்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

கம்பெனி கைவிட்ட போனின் கதை வேறு. செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற இடத்தில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும். அது ஒன்றிரண்டு வருஷம் பழையதாக நின்றிருந்தால் அந்த போனில் பணம் வைத்திருப்பது சரியில்லை. யுபிஐயை அப்டேட் வரும் வேறொரு போனுக்கு மாற்றுங்கள். விலை குறைந்த செட்டு வாங்கும்போதே எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று கேட்டு வாங்குங்கள். மிச்சமுள்ள பழைய போனில் லீனியேஜ்ஓஎஸ் போன்ற திறந்த மென்பொருளை ஏற்றுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். உங்கள் மாடல் அதன் அதிகாரபூர்வப் பட்டியலில் இருக்க வேண்டும், சார்ஜ் பின்னை முதலில் மாற்ற வேண்டும். பிள்ளைகளின் பாடத்துக்கும் பாட்டுக்கும் அது இன்னும் சில காலம் உழைக்கும். ரூட் வசதியை அதில் சேர்க்காமல் விடுவது நல்லது. 2015-இல் ஜெயில்பிரேக் ஆன ஐபோன்களிலிருந்து 2,25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளை கீரெய்டர் என்ற தீநிரல் திருடியது, அந்தத் திறந்த கதவு வழியாகத்தான்.

சாஃப்ட்வேர் ஏற்றும்போது போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணையும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியபோது மரக்காணம் வெள்ளத்தில் நின்றது. 2023-இல் சோதிக்கத் தொடங்கிய அவசர எச்சரிக்கை, அப்படிப்பட்ட இரவில் கோபுரத்திலிருந்து நேராக போனில் அலறக்கூடியது. மாற்று மென்பொருள் ஏற்றியவர்கள் செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை என்ற பகுதி இருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அந்தப் பகுதியே இல்லாத போனை அடைமழைக் காலத்தில் வீட்டின் ஒரே போனாக வைத்திருக்காதீர்கள்.